கப்பல் தங்கும் தீவு

தென் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே, பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 16 பாகையில், கரிய பாறைச் சுவர்களைக் கடலினின்றும் நிமிர்த்திக்கொண்டு ஒரு சிறு தீவு கிடக்கின்றது. பரப்பில் அது 122 சதுர கிலோமீற்றர் மாத்திரமே. ஆபிரிக்கக் கரை அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 1,900 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. மேற்கே பிரேசில் அதனிலும் தூரம். இத்தகைய தனிமையில் கிடந்தும் மூன்றரை நூற்றாண்டுக் காலம் கடலோடிகளுட் பெயர் அறியாதார் இல்லை என்னும்படி விளங்கியது இத்தீவு. சென்ற் எலேனா என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டவுடன் நெப்போலியன் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் நெப்போலியன் அங்கு வாழ்ந்தது ஆறாண்டுகளுக்கும் குறைந்த காலமே. தீவின் மெய்யான வரலாறு, கப்பல்கள் அங்கே தங்கிச் சென்ற வரலாறேயாகும்.

1502 ஆம் ஆண்டில், இந்தியாவிலிருந்து தாயகம் மீண்டுகொண்டிருந்த சுவாம் த நோவா என்னும் போர்த்துக்கேயத் தளபதி இத்தீவைக் கண்டான். அப்பொழுது அங்கு மனித வாடையே இல்லை. மலைமுகடுகளில் மரங்கள் செறிந்திருந்தன; பள்ளத்தாக்குகளில் நன்னீர் ஓடிற்று. மாதக்கணக்கிற் கடலிற் கிடந்து, பல்லீறு வீங்கி, மூட்டுக்கள் தளர்ந்து, ஸ்கேவி என்னும் நோயினால் நாளுக்கொருவராய் மடிந்துகொண்டிருந்த மாலுமிகளுக்கு அந்நன்னீரும் பச்சிலையும் அமுதத்தை ஒத்தன. போர்த்துக்கேயர் அங்குக் குடியேற முயலவில்லை. வெள்ளாடுகளைக் கரையில் இறக்கி விட்டனர். எலுமிச்சை முதலிய பழமரங்களை நட்டனர். சிறு தேவாலயம் ஒன்றைக் கட்டினர். நோயுற்றோரை இறக்கிவிட்டு, அடுத்த ஆண்டுக் கப்பல் அவர்களை ஏற்றிச் செல்லும் என்று கூறிப் போயினர். எவருக்கும் உரிமையாகாது, வருவோர்க்கெல்லாம் பயன்படும் சத்திரம் ஒன்று சமுத்திர நடுவில் அமைந்தது.

அச்சத்திரத்தின் முதற் குடியானவன் ஒரு தண்டனைக்காரன். பெர்னாம் லோபஸ் என்னும் அவன் கோவையிற் போர்த்துக்கேயரை விட்டு எதிரிகளோடு சேர்ந்தவன். பிடிபட்டபோது அல்புக்கேர்க்கின் ஆணைப்படி அவனுடைய வலக்கையும் மூக்கும் காதுகளும் வெட்டப்பட்டன. நாடு திரும்பும் வழியில், 1516 அளவில், உறவினர் முகத்தில் விழிக்க நாணியோ வேறெக் காரணத்தாலோ, அவன் இத்தீவிற் கப்பலை விட்டு மறைந்துகொண்டான். கப்பல்கள் வரும்போது காட்டில் ஒளிந்தான். மாலுமிகள் அவனுக்காகக் கரையில் உணவும் விதைகளும் வைத்துச் சென்றனர். சேவல் ஒன்று அவனுக்குத் துணையாயிருந்தது என்பர். ஒருமுறை அவனை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றனர், போப்பாண்டவரையும் கண்டான். ஆயினும் தீவுக்கே மீண்டு வந்து, மரங்களை நட்டும் விலங்குகளை வளர்த்தும் 1545 இல் அங்கேயே மாண்டான்.

இனி, இலங்கையர்க்கு ஆர்வந்தரும் செய்தி ஒன்றுண்டு. 1592 ஆம் ஆண்டு மார்கழி மாதத்திற் காலித் துறைமுகத்துக்கு எதிரே 'எட்வேட் பொனவெஞ்சர்' என்னும் ஆங்கிலக் கப்பல் நங்கூரமிட்டு நின்றது. யேம்ஸ் லங்காஸ்டர் என்பான் அதன் கப்டன். வங்காளத்தினின்றும் பெகுவினின்றும் வரும் போர்த்துக்கேயக் கப்பல்களைக் கொள்ளையிடுவது அவன் நோக்கம். ஆனால் நங்கூரங்கள் பறிபோயின. கப்டன் நோய்ப்படுக்கையிற் கிடந்தான். மாலுமிகளோ இனி ஒரு நாளும் இங்கு நில்லோம், ஊருக்கே திரும்புவோம் என்று பிடிவாதஞ் செய்தனர். காலியை விட்டுப் புறப்பட்ட அக்கப்பல் 1593 சித்திரையிற் சென்ற் எலேனாவை அடைந்தது.

கரையிறங்கியோர் தேவாலயத்தை அணுகியபோது உள்ளே யாரோ பாடும் ஒலி கேட்டது. போர்த்துக்கேயன் என்று ஐயுற்றுக் கதவைத் திறந்தால், உள்ளே நின்றவன் ஆங்கிலேயன். ஆட்டுத்தோலுடுத்த ஒரு தையற்காரன். அவன் பெயர் யோன் சேகர். லங்காஸ்டரின் துணைக்கப்பல் ஒன்று, நோயாளரை ஏற்றிக்கொண்டு முன்னரே தாயகம் திரும்பியபோது, சாகக் கிடந்த அவனை இங்கே விட்டுச் சென்றிருந்தது. அதன்பின் பதினெட்டு மாதங்கள் கழிந்துவிட்டன. உடல் நன்கு தேறியிருந்தது. ஆனால் தன் நாட்டாரைக் கண்ட களிப்பு மிகுதியால் உறக்கத்தை இழந்து, சில நாள்களில் உயிர்விட்டான் என்று அப்பயணத்தைப் பற்றி எழுதியோர் குறித்துள்ளனர். தனிமையிற் சாகாதவன் கூட்டத்தைக் கண்டு மாண்டான். மருத்துவர் இதற்கு வேறு காரணங் கூறக்கூடும்.

ஒரு கப்பல் இத்தீவில் தங்குவது எளிதான செயலன்று. அதனைப் பல வாரங்களுக்கு முன்பே திட்டமிட வேண்டும். தென்கிழக்குத் தடக்காற்று அங்கு ஆண்டு முழுவதும் வீசும். ஐரோப்பாவிலிருந்து கிழக்கே செல்லும் கப்பல்கள் அக்காற்றுக்கு எதிரே வர இயலாமையின், பிரேசில் கரைப்பக்கமாக வளைந்து சென்றன. ஆகவே சென்ற் எலேனா, ஊர் திரும்பும் கப்பல்களின் தீவாயிற்று. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய மாலுமி காற்றைப் பின்னே கொண்டு வடமேற்கே ஓடுவான். அக்காலத்தில் அகலக்கோட்டைச் சூரியனை அளந்து அறியலாம். நெடுங்கோட்டை நம்பத்தக்கவாறு அறியும் வழி இல்லை. எனவே தீவுக்கு நெடுந்தூரம் கிழக்கே இருக்கும்போதே 16 ஆம் பாகையைப் பிடித்து, அந்த ரேகை வழியே மேற்கு நோக்கி ஓடுவர். இரவிற் கடந்துவிட்டால் காற்றுக்கு எதிரே திரும்பி வருவது பெரும்பாடு. நீர்ப் பீப்பாய்கள் வற்றிய நிலையில் அத்தவறு பல உயிர்களைக் குடிக்கும். கிழக்கு முனையைக் கண்டதும் பாறைகளை ஒட்டியவாறு வடபுறமாகச் சுற்றி, காற்று மறைவான வடமேற்குப் பக்கத்தில் நங்கூரமிடுதல் வேண்டும். மலைகளில் நின்ற காவலர் பாய்மரத்தைக் கண்டதும் பீரங்கி வெடித்து நகரத்துக்கு அறிவிப்பர்.

அந்த நகரம் 1659 இல் தோன்றியது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அவ்வாண்டு வைகாசி மாதத்தில் யோன் டட்டன் என்பானை அனுப்பிக் கோட்டை கட்டுவித்தது. இருபுறமும் செங்குத்தான மலைகள் நெருக்கும் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் எழுந்த அவ்வூர் பின்னர் யேம்ஸ்ரவுண் எனப் பெயர் பெற்றது. 1633 இலேயே தீவுக்கு உரிமை கூறிய ஒல்லாந்தர், 1652 இல் நன்னம்பிக்கை முனையிற் குடியேறிய பின் இதனைப் பொருட்படுத்தவில்லை. 1673 தொடக்கத்தில் ஒருமுறை கைப்பற்றினர். சில மாதங்களுக்குள் ஆங்கிலேயர் மீட்டுக்கொண்டனர். மீட்க வந்த படைக்குப் பாறைகளிடையே வழிகாட்டியவன் ஒலிவர் என்னும் அடிமை. அதற்குப் பரிசாக அவனுக்கு விடுதலை கிடைத்தது.

ஓர் அடிமை விடுதலை பெற்றதைச் சொல்லும் ஏடுகள், ஏனையோர் எங்ஙனம் அங்கு வந்தனர் என்பதையும் சொல்லுகின்றன. இலண்டன் மாநகரிலிருந்த கம்பெனி இயக்குநரின் கணக்கு இதுவாகும்: கப்பல்கள் வருங்காலத்தில் இறைச்சியும் கிழங்கும் கீரையும் நீரும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும், அவற்றை விளைவிக்க ஆள் வேண்டும், ஆங்கிலக் குடியானவர் அத்துணைத் தொலைவுக்கு வர விரும்பார், ஆதலின் அடிமைகளைக் கொண்டுவருக. மடகஸ்காரிலிருந்து அடிமைகள் வந்தனர். இந்தியாவிலிருந்தும் வந்தனர். மடகஸ்காருடன் வாணிகஞ் செய்யும் கப்பல் ஒவ்வொன்றும் தீவில் ஓர் அடிமையை இறக்கிச் செல்ல வேண்டுமென்று கட்டளையும் இருந்தது. துறைமுகத்துக்குக் கட்டணம் செலுத்துவதுபோல மனிதனைச் செலுத்தினர்.

இவ்வாறு அடிமைகளை ஏற்றிச் செல்லப் பணிக்கப்பட்ட கப்டன்களுள் ஒருவன், இலங்கை வரலாறு கற்ற மாணவர் யாவரும் அறிந்த றொபேட் நொக்ஸ். கொட்டியாரக் குடாவிற் கரையிறங்கி 1660 இற் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டிற் சிறையிருந்து, 1679 இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தரை வந்தடைந்த அதே நொக்ஸ்தான். 1681 இல் அவனது நூல் வெளிவந்தது. அதே காலத்திற் கம்பெனி அவனுக்கு 'தொங்கீன் மேர்ச்சன்ற்' என்னும் கப்பலைக் கொடுத்தது. 1684 இல் மடகஸ்காருக்குச் சென்று அடிமைகளை வாங்கிச் சென்ற் எலேனாவுக்குக் கொண்டுசெல்லுமாறு பணித்தது. நொக்ஸ் அப்பணியை ஏற்றான். தன் தந்தையைக் கண்டி நாட்டு மண்ணிற் புதைத்துவிட்டு, வீட்டை நினைந்து நினைந்து அழுத நாள்களைப் பக்கம் பக்கமாக எழுதிய கை அது. பிறரை வீட்டினின்றும் பிரித்துக் கடல் கடத்தும் தொழில் அக்கைக்குக் கூசவில்லை. அக்காலத்து வழக்கம் அதுவென்று கூறி இதனைத் தள்ளிவிடுவாருளர். வழக்கம் என்பது உண்மை. ஆனால் சிறையின் துன்பத்தை நூலில் மாத்திரம் அறிந்தவனல்லன் நொக்ஸ். அவனிடம் அவ்விளக்கம் செல்லாது.

கதை அத்துடன் முடியவில்லை. சென்ற் எலேனாவில் நங்கூரமிட்டிருந்தபோது அவனுடைய மாலுமிகள் கலகஞ்செய்து, கப்டனைக் கரையில் விட்டுவிட்டுக் கப்பலோடு ஓடிப்போயினர். உடுத்த உடையோடு நின்ற நொக்ஸ் வேறொரு கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தபோது, தனது கப்பல் முன்னரே அங்கு வந்து நிற்கக் கண்டான். இரண்டாம் முறையும் அயல் தீவொன்றில் கைவிடப்பட்ட அனுபவம் அவன் மனத்தை மாற்றியதாகத் தெரியவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டு, தீவின் வாழ்வு கம்பெனிக் கப்பல்களையே நம்பியிருந்த காலம். போர்க்காலங்களிற் கீழ்நாட்டுக் கப்பல்கள் இங்கு ஒன்றுகூடி, போர்க்கப்பல் துணை வருமட்டும் வாரக்கணக்கிற் காத்திருக்கும். சென்னைத் துணியும் வங்காளப் பட்டும் சீனத்துத் தேயிலையும் ஏற்றிய கப்பல்கள் விரிகுடாவை நிறைக்கும். அந்நாள்களில் யேம்ஸ்ரவுண் வீடுகள் யாவும் விடுதிகளாய் மாறும். ஒரு கோழியின் விலை கப்பல்களின் தொகைக்கு ஏற்ப ஏறும். கப்பல்கள் போனபின் ஊர் மீண்டும் உறங்கும். வானியலறிஞர் எட்மன்ட் ஹலி 1677 இல் இங்குத் தங்கித் தென்வானத்து விண்மீன்களுள் 341 இன் நிலையைக் கணித்தார். மேகமூட்டம் அவரைப் பெரிதும் வருத்தியது.

தங்கிச் செல்வோர் தீவைப்பற்றி எழுதுவதும், அதனைத் தீவார் படித்து வெகுள்வதும் அன்றும் உண்டு. கப்டன் குக் 1771 இல் இங்குச் சில நாள் தங்கினார். அவரது பயண வரலாற்றைத் திருத்தி 1773 இல் வெளியிட்ட ஹோக்ஸ்வேத் என்பார், இத்தீவில் ஒரு தள்ளுவண்டி தானும் இல்லை, சுமையெல்லாம் அடிமைகளின் தலையிலேயே செல்கின்றது, அவர்களை எசமானர் கொடுமையாக நடத்துகின்றனர் என்று அந்நூலில் வரச்செய்துவிட்டார். 1775 இற் குக் மீண்டும் வந்தபோது, அவர் தங்கியிருந்த வீட்டின் முன்னே தள்ளுவண்டிகளைக் கொணர்ந்து நிறுத்தி வைத்தனராம் ஊரார்! வண்டி இல்லையென்ற குற்றச்சாட்டுக்கு நல்ல விடைதான். மற்றைக் குற்றச்சாட்டை வண்டிகள் மறைக்கமாட்டா. 1792 இல் அடிமைகளை இறக்குமதி செய்தல் தடுக்கப்பட்டது. 1818 இல் இனிப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் எனப்பட்டது. 1832 முதற் கம்பெனியே பணங் கொடுத்து எஞ்சியோரை விடுவித்தது. அப்பணம் எசமானரின் பைக்குச் சென்றது.

காட்டின் கதையும் இதனோடு சேர்ந்ததே. போர்த்துக்கேயர் இரக்கத்தோடு விட்டுச்சென்ற வெள்ளாடுகள் பல்கிப் பெருகி, முளைக்கும் கன்றையெல்லாம் மேய்ந்தன. கப்பல்களுக்கும் அடுப்புக்கும் விறகு வெட்டியவர்கள் முதிர்ந்த மரங்களை வீழ்த்தினர். உலகில் வேறெங்கும் இல்லாத கருங்காலியும் செம்மரமும் இங்கு நின்றன; அவை அழிவின் விளிம்புக்குச் சென்றன. 1836 ஆடி மாதத்தில் 'பீகிள்' கப்பலில் வந்த டார்வின், வெற்றுப் பாறையாய்க் கிடந்த இடங்களில் முன்னாளிற் பெருங்காடு நின்றதென்று அறிந்து வியந்தார். நோயாளர்க்கு உணவாகட்டும் என்று இறக்கிய ஆடு தீவையே தின்றது.

நெப்போலியனைப்பற்றி நூல்கள் மலிந்துள்ளன. 1815 ஐப்பசியில் வந்தான். லோங்வூட் என்னும் ஈரமான மேட்டுநிலத்தில் வைக்கப்பட்டான். 1821 வைகாசி 5 ஆம் நாள் இறந்தான். 1840 இல் அவனுடல் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கப்பல்கள் எளிதில் வந்து செல்லும் தீவைச் சிறையாக்கியதால், அந்த ஆறாண்டுகளும் பிறநாட்டுக் கப்பல்கள் அங்கு அணுக முடியாதவாறு காவல் கடுமையாக்கப்பட்டது என்பது மாத்திரம் இங்குக் குறிக்கத்தக்கது. இத்தீவைச் சிறையாக ஆளும் வழக்கம் பின்னரும் தொடர்ந்தது. 1890 இற் சூலு நாட்டு டினுசூலு இங்கு நாடுகடத்தப்பட்டான். 1900 இல் தொடங்கிப் போவர் யுத்தக் கைதிகள் ஆயிரக்கணக்கில் வந்தனர். அதே யுத்தத்தில் அவர்களுடைய தோழர் ஆயிரக்கணக்கானோர் நமது தியத்தலாவையில் முட்கம்பிக்குள் இருந்தனர்.

ஆனால் நெப்போலியன் சவப்பெட்டி வெளியேறிய அதே 1840 இல் அத்தீவுக்கு வந்திறங்கியவர்களைப் பற்றி உலகம் நெடுங்காலம் பேசவில்லை. பிரித்தானியக் கடற்படை, அத்திலாந்திக்கில் திருட்டுத்தனமாக அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களை மறித்து, அவற்றைச் சென்ற் எலேனாவுக்குக் கொணர்ந்தது. யேம்ஸ்ரவுணுக்கு அடுத்த றூபேட்ஸ் பள்ளத்தாக்கிற் கொட்டில்கள் அமைத்து, மீட்கப்பட்ட ஆபிரிக்கரை இறக்கினர். ஏறத்தாழ 25,000 பேர் அவ்வாறு வந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 8,000 பேர் அங்கேயே இறந்து, அப்பள்ளத்தாக்கிற் புதைக்கப்பட்டனர். பிழைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் தாயகம் திரும்பவில்லை. மேற்கிந்தியத் தீவுகளுக்கும் நன்னம்பிக்கை முனைக்கும் கூலிகளாய் அனுப்பப்பட்டனர். பிடிபட்ட அடிமைக் கப்பல் ஒன்றன் மரத்தோடு கறையானும் வந்திறங்கிற்று. சில ஆண்டுகளில் யேம்ஸ்ரவுணின் கூரைகளையும் தளங்களையும் நூலகத்தின் புத்தகங்களையும் அது அரித்துத் தீர்த்தது.

1855 இல் 1,100 கப்பல்கள் தீவில் தங்கின. 1869 இற் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பலுக்குக் காற்றின் தயவு வேண்டா. கால்வாய் வழியே செல்வதற்கு நன்னம்பிக்கை முனையும் வேண்டா. 1889 இல் தங்கிய கப்பல்கள் 288. அதே கால்வாய்தான் கொழும்பை உலகப் பெருந்துறைகளுள் ஒன்றாக உயர்த்தியது என்பதை எண்ணுதல் தகும். கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழுந்த ஆண்டுகளில், யேம்ஸ்ரவுண் இளைஞர் வேலை தேடிக் கேப் நகருக்குக் கப்பலேறினர். பின்னர் 1907 இல் நியூசீலந்து நார்ச்செடியைப் பயிரிட்டுக் கயிறு திரித்துப் பிழைத்தனர். பிரித்தானியத் தபாற்பகுதி செயற்கை நூலுக்கு மாறியதும் 1966 இல் அத்தொழிலும் மடிந்தது.

அதன்பின் தீவுக்கு உயிர்நாடியாய் இருந்தது ஒரே கப்பல். தீவின் பெயரையே தாங்கிய அத்தபாற்கப்பல் கேப் நகரிலிருந்து ஐந்தாறு நாளில் வந்து சேரும். மணப்பெண்ணும் மருந்தும் உருளைக்கிழங்கும் அதிலேயே வரும். 2017 ஐப்பசி 14 ஆம் நாள் ஒழுங்கான விமானப் போக்குவரத்துத் தொடங்கியது; 2018 மாசியில் அக்கப்பல் தன் சேவையை முடித்துக்கொண்டது. விமான நிலையத்துக்குப் பாதை அமைக்குமுன், 2008 இல் றூபேட்ஸ் பள்ளத்தாக்கில் ஆய்வாளர் நிலத்தை அகழ்ந்தபோது, 325 ஆபிரிக்கரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவர்களுட் சிறுவர் பலர். அவ்வெலும்புகள் பதினான்கு ஆண்டுகள் பெட்டிகளிற் காத்திருந்து, 2022 இலேயே மீண்டும் மண்ணில் அடக்கஞ் செய்யப்பட்டன.

இன்றும் உல்லாசப் பயணக் கப்பல்கள் சென்ற் எலேனாவைத் தம் வழியிற் குறித்துக்கொண்டு வருகின்றன. அவற்றின் பிரயாணிகளுக்கு எலுமிச்சை வேண்டியதில்லை. நெப்போலியன் வீட்டையும், மலைமேற் செல்லும் 699 படிகளையும், 1882 இற் சீஷெல்சிலிருந்து கொண்டுவரப்பட்ட யோனதன் என்னும் ஆமையின் புற்றரையையும் காணவே வருகின்றனர். ஒரு பகற்பொழுதே தங்குவர். நாலாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் தீவில் அந்த ஒரு பகலுக்காக வாகனக்காரரும் உணவுச்சாலையாரும் வழிகாட்டிகளும் பல நாள் முன்பே ஆயத்தஞ் செய்கின்றனர். ஆனால் தூர வடக்கே எழும் புயல்களின் அலைநீட்சி காற்றில்லா நாளிலும் யேம்ஸ்ரவுண் கரையில் மோதும். 1846 மாசியில் அவ்வலை விரிகுடாவில் நின்ற பல கப்பல்களை உடைத்தெறிந்தது. பெரிய கப்பல் விரிகுடாவில் நிற்க, சிறு வள்ளம் பிரயாணிகளை இறங்குதுறைப் படியண்டை கொணரும். வள்ளம் அலையில் உயரும் கணத்தில், மேலே தொங்கும் கயிற்றைப் பற்றிக்கொண்டு படியில் தாவுதல் வேண்டும். முதியோர் பலர் உள்ள கப்பலில் இது கப்டனுக்குக் கவலை தருவது. சில நாள்களில் அவர் கரையைப் பார்ப்பார், அலையைப் பார்ப்பார், நங்கூரத்தைத் தூக்கச் சொல்வார். கப்பல் வடமேற்கே திரும்பும். துறையில் வரிசையாய் நின்ற வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறி வீடுகளுக்குத் திரும்பும்.